இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெய்

முன் பம்பரின் இடது ஓரத்துக்கு நேர் கீழே, தரையில் ஒரு கருப்புப் பொட்டு. காலையில் வண்டியை எடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. இன்ஜின் ஆயில் ஒழுகினால் அந்த இடத்தில் விழாது; ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப் அங்கிருந்து இரண்டு முழம் தள்ளிப் பின்னால் இருக்கிறது. மாலையில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜினுக்குப் போகும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அடியில் வந்து சேரும் தடித்த ரப்பர் ஹோஸ், கிளாம்ப் போட்ட இடத்தில் ஈரமாக இருந்தது. ஈரத்தின் மேல் தூசி படிந்து மெழுகு மாதிரி இறுகியிருந்தது. அப்படியென்றால் இது நேற்று தொடங்கிய கசிவு இல்லை, நான்தான் இத்தனை நாள் பார்க்கவில்லை.

வண்டி 1.4 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ பெட்ரோல். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சாதனம். எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை. ஓட்டம் 96,000 கி.மீ. சில மாதங்களாகவே 1,000 கி.மீ.க்கு ஏறக்குறைய 400 மி.லி. ஆயில் குறைந்துகொண்டு வந்தது. ஏதாவது ஒரு சிக்னலில் நெடுநேரம் நின்றுவிட்டுக் கிளம்பினால் கண்ணாடியில் பின்னால் லேசாக நீலப் புகை தெரியும். வயசாகிறது, இருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

கிளாம்பைத் தளர்த்தி ஹோஸைக் கீழே இழுத்தேன். கையில் ஒரு பழைய துணி மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு இறங்கியது என் முட்டாள்தனம். முழங்கை வரை வழிந்தது. அவசரமாக ஒரு தட்டை இழுத்து வைத்துப் பிடித்ததை அளந்தபோது 110 மி.லி. இருந்தது. துணியும் சட்டையும் குடித்தது தனி.

டர்போ இன்ஜினின் காற்றுப் பாதையில் கொஞ்சம் எண்ணெய் இருப்பது இயல்புதான். உள்ளே விரல் விட்டால் மெல்லிய பிசுக்கு ஒட்டும், சில வண்டிகளில் ஹோஸின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவு தேங்கியிருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் கவிழ்த்தால் கொட்டுகிற அளவு என்றால், எங்கேயோ ஏதோ சரியில்லை.

தெரிந்த ஒரு பட்டறையில் காட்டினேன். ஹோஸை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "டர்போ சீல் போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்றார்கள். எதையும் கழற்றவில்லை, எதையும் அளக்கவில்லை. அவர்கள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் இவ்வளவு பெரிய சாமானை மாற்றுவதற்கு முன்னால், எண்ணெய் உண்மையிலேயே அங்கிருந்துதான் வருகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடலாம் என்று வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

முதல் சுற்று: துடைத்ததோடு சரி

உடனே ஆராய்ச்சியில் இறங்கினேன் என்று சொன்னால் பொய். முதல் வார இறுதியில் நான் செய்தது வெறும் சுத்தம். ஹோஸ்களைத் துடைத்தேன், கிளாம்பை மாற்றினேன், ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டேன். பழைய ஃபில்டர் சாம்பல் நிறத்தில் அடைத்துப்போயிருந்தது. அடைத்த ஃபில்டருக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். காற்று வர மறுக்கும்போது டர்போவின் வாயில் உறிஞ்சல் கூடும். அந்த உறிஞ்சல், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பிரீதர் குழாய் வழியாக எண்ணெய் ஆவியை வழக்கத்தைவிட அதிகமாக இழுக்கும், டர்போ தண்டைச் சுற்றியிருக்கும் எண்ணெயையும் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும்.

டிப்ஸ்டிக்கைப் பார்த்தபோது இன்னொரு விஷயம் பிடிபட்டது. ஆயில் மேல் கோட்டைத் தாண்டி 6 மி.மீ. கூடுதலாக நின்றது. குறைகிறதே என்ற பயத்தில் அவ்வப்போது நானே கை தாராளமாக ஊற்றியிருக்கிறேன். மட்டம் ஏறினால் கிராங்க் தண்டு எண்ணெயை அடித்துச் சிதறடிக்கும். உள்ளே புகைமூட்டம் போல எண்ணெய்த் துளிகள் நிறையும். அவை பிரீதர் வழியாகக் காற்றுப் பாதைக்குப் போய்ச் சேரும். குறைகிறதே என்று ஊற்ற ஊற்ற, ஊற்றியதெல்லாம் இன்டர்கூலருக்குப் போயிருக்கிறது. ஒரு ஊசிக்குழலும் மெல்லிய குழாயும் வைத்து டிப்ஸ்டிக் துளை வழியாக உறிஞ்சி, மட்டத்தை இரண்டு கோடுகளுக்கும் நடுவே கொண்டுவந்தேன். நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜின்களில், குறுகிய தூரம் மட்டும் ஓட்டினால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து, ஊற்றாமலே மட்டம் ஏறுவதும் உண்டு. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை இல்லை. பழி என் கைமேல்தான்.

800 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஹோஸைக் கழற்றினேன். இந்த முறை தட்டு தயார். 45 மி.லி. இருந்தது. குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

எங்கே ஈரம் தொடங்குகிறது

காற்று போகும் வழியை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏர் ஃபில்டர் பெட்டி, அங்கிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய், டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம், அப்புறம் சூடான காற்று போகும் ஹோஸ், இன்டர்கூலர், குளிர்ந்த காற்று வரும் ஹோஸ், த்ராட்டில் பாடி (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு உள்ள பகுதி), இன்டேக் மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி), வால்வுகள். இன்டர்கூலர்தான் இந்தப் பாதையின் தாழ்வான இடம். அதனால் எண்ணெய் எங்கிருந்து வந்தாலும் அங்கே போய்த்தான் தேங்கும். தேங்கிய இடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஈரம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபில்டர் பெட்டிக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். இந்தக் குழாயின் பாதித் தூரத்தில்தான் இன்ஜினிலிருந்து வரும் பிரீதர் குழாய் வந்து சேர்கிறது. அந்தச் சந்திப்பு வரை உள்சுவர் காய்ந்து, லேசான தூசியோடு இருந்தது. சந்திப்புக்கு அப்பால் பளபளவென்று எண்ணெய். கீழ்ப்பக்கத்தில் ஓடிய தடம்கூடத் தெரிந்தது. அதாவது எண்ணெய் டர்போவுக்குள் நுழைவதற்கு முன்பே காற்றோடு கலந்துவிட்டது. டர்போ சீல் மட்டும்தான் குற்றவாளி என்றால் கம்ப்ரஸரின் வாய் உலர்ந்தும் வெளியேறும் பக்கம் நனைந்தும் இருந்திருக்கும்.

கையோடு டர்போவையும் சோதித்தேன். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கம்ப்ரஸர் சக்கரத்தின் நடு நட்டை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கொஞ்சம் ஆடும். பார்த்ததும் பயம் வரும். ஆனால் அந்த ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். அதன் பேரிங் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும் வகை, ஓடும்போது எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு வேறு எப்படித் தாங்கும்? ஆட்டும்போது சக்கரத்தின் இறகு நுனி சுவரில் உரசக் கூடாது, அவ்வளவுதான். உள்ளும் வெளியுமாக இழுத்துத் தள்ளும்போது ஆட்டம் கைக்கு ஏறக்குறைய தெரியவே கூடாது. என்னுடையதில் இரண்டும் சரியாக இருந்தன. இறகு நுனிகளில் தேய்வோ சுவரில் கீறலோ இல்லை.

டர்போ சீல் என்று எல்லோரும் சொல்வதால், தண்ணீர்க் குழாய் வாஷர் மாதிரி இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் ஒன்று உள்ளே இருப்பதாக நானும் நினைத்திருந்தேன். அங்கே இருப்பது பிஸ்டன் ரிங் போன்ற ஒரு சின்ன உலோக வளையம். அது எண்ணெயை இறுக்கி அடைப்பதில்லை. சக்கரத்தின் பின்புறம் உள்ள காற்றழுத்தம் எண்ணெயை உள்ளே தள்ளிப் பிடித்திருக்கும் வரைதான் அது வேலை செய்யும். பேரிங்குக்கு எண்ணெய் அழுத்தத்தோடு வருகிறது. திரும்பிப் போவது மட்டும் வெறும் புவியீர்ப்பில், ஒரு தடித்த குழாய் வழியாகச் சம்புக்குள் விழுந்து. அந்தக் குழாய் அடைத்தாலோ நெளிந்தாலோ, சம்புக்குள் அழுத்தம் ஏறி எதிர்த்தாலோ, எண்ணெய் கீழே விழாது. பேரிங் அறை நிரம்பும். நிரம்பினால் வளையத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் வழியும். அப்போது டர்போவை மாற்றினால் புதிய டர்போவும் அதே போல ஒழுகும். "புதுசு போட்டும் நிக்கலை" என்று புலம்புகிறவர்களின் கதையில் பாதி இதுதான் என்பது என் சந்தேகம்.

திரும்பும் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கரி இல்லை, விரலை விட்டால் தாராளமாகப் போனது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: சேரும் முகத்தில் கேஸ்கெட் பசையைக் கை தாராளமாகப் பூசக் கூடாது. உள்பக்கம் பிதுங்கும் பசையே குழாயைப் பாதி அடைத்துவிடும். புது கேஸ்கெட் போட்டேன், பசை இல்லாமல்.

மடியில் கொட்டிய தண்ணீர்

அப்படியானால் பிரீதர் வழியாக ஏன் இவ்வளவு எண்ணெய்? பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு எந்த இன்ஜினிலும் கீழே இறங்கும். அதை வெளியே எடுக்க வேண்டும், ஆனால் காற்றில் விடக் கூடாது. திரும்பவும் இன்ஜினுக்கே ஊட்ட வேண்டும். அதற்குத்தான் பிசிவி அமைப்பு. டர்போ வண்டியில் இதற்கு இரண்டு வழிகள். மிதமாக ஓடும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சல் இருக்கும், வாயு நேராக அங்கே போகும். பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறியதும் மேனிஃபோல்டில் அழுத்தம் வந்துவிடும். அப்போது நடுவிலுள்ள ஒருவழி வால்வு மூடிக்கொள்ள வேண்டும், வாயு இன்னொரு வழியாக டர்போவின் வாய்ப்பக்கம் போக வேண்டும்.

முதலில் ரிங்கைச் சந்தேகித்தேன். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தேன். நான்கிலும் 12 பாருக்கு அருகே. ஒன்றுக்கொன்று அரை பார் வித்தியாசம்கூட இல்லை. சரி, ரிங் நன்றாக இருக்கிறது.

அடுத்தது ஆயில் மூடிச் சோதனை. இன்ஜின் சும்மா ஓடும்போது மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைக்க வேண்டும். லேசாக உள்ளே இழுத்துக்கொண்டால் நலம். மூடியைக் கழற்றவே முடியாதபடி பலமாக இழுத்தாலோ விசில் சத்தம் வந்தாலோ பிசிவிக்குள் இருக்கும் ரப்பர் ஜவ்வு கிழிந்திருக்கிறது. தாளை வெளியே தள்ளினால் ரிங் தேய்வு அல்லது அடைப்பு. எனக்கு லேசாக இழுத்தது. புத்தகத்தில் போட்டது மாதிரி சரியான விடை. இங்கேதான் ஏமாந்தேன், இரண்டு நாள் வேறு எதையெதையோ நோண்டினேன்.

இந்தச் சோதனை சும்மா ஓடும் இன்ஜினில் நடப்பது. பூஸ்ட் இருக்கும்போது என்ன நடக்கிறது என்று இது சொல்லாது. அதனால் ஒளி ஊடுருவும் குழாய் வாங்கி, 'ப' எழுத்து மாதிரி வளைத்து ஒரு பலகையில் கட்டி, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் மட்டத்தில் 1 செ.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 1 மில்லிபார் அழுத்தம். ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் மாட்டினேன். நடுவே ஒரு காலிப் பாட்டிலையும் இணைத்தேன். ஏதாவது தவறி தண்ணீர் உறிஞ்சப்பட்டால் இன்ஜினுக்குள் போகாமல் பாட்டிலில் விழட்டும் என்று. குழாயை பானட் இடுக்கு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் உள்ளே கொண்டுவந்தேன். நண்பன் ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில் பலகையைப் பிடித்தபடி உட்கார்ந்தேன்.

சும்மா ஓடும்போது 4 செ.மீ. உறிஞ்சல், அழகாக நின்றது. ஆள் இல்லாத நேரான சாலையில் நண்பன் மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். பூஸ்ட் ஏறிய கணத்தில் தண்ணீர் முழுவதும் மறுமுனை வழியாகப் பாய்ந்து என் மடியில் கொட்டியது. சிவப்புச் சாயம் வேறு. நண்பன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அளவு எவ்வளவு என்று எழுத முடியவில்லை; குழாயின் உயரம் ஒரு மீட்டர், அதற்கும் மேல் என்பது மட்டும் உறுதி. பூஸ்டில் கிராங்க் கேஸ், அதாவது கிராங்க் தண்டு சுழலும் இன்ஜினின் அடிப்பகுதி, பலூன் மாதிரி ஊதப்படுகிறது.

மேனிஃபோல்டைக் கழற்றித்தான் பிசிவி தொகுதியை எடுக்க முடிந்தது. எடுத்துத் துடைத்து, மேனிஃபோல்டுக்குப் போகும் முனையில் வாய் வைத்து ஊதினேன். காற்று போகக் கூடாது. தாராளமாகப் போனது. உறிஞ்சினாலும் வந்தது. உள்ளே ஒருவழி வால்வாக இருந்த ரப்பர் இதழ் வெப்பத்தில் விறைத்து ஓரம் சுருண்டிருந்தது, அடியில் ஒரு கரித்துணுக்கு சிக்கியிருந்தது. நகம் அளவுகூட இல்லாத ஒரு ரப்பர் துண்டு. பூஸ்ட் ஏறும்போதெல்லாம் டர்போ அழுத்திய காற்று இந்த ஓட்டை வழியாகக் கிராங்க் கேஸுக்குள் புகுந்திருக்கிறது. அங்கிருந்த எண்ணெய்த் துளிகளை அள்ளிக்கொண்டு பிரீதர் வழியாக டர்போவின் வாய்க்குப் போயிருக்கிறது. டர்போவின் எண்ணெய் திரும்பி விழுவதையும் இடையிடையே எதிர்த்திருக்கிறது. இதழ் தனியாகக் கிடைக்கவில்லை, தொகுதியோடுதான் மாற்ற வேண்டியிருந்தது. புதியதையும் மாட்டுவதற்கு முன் ஊதிப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் போனது.

கழுவும் வேலை

மேனிஃபோல்டு கையில் இருந்ததால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடலாம் என்று பம்பரையும் இறக்கினேன். இன்டர்கூலரைக் கழற்றி, இரண்டு வாயும் கீழே பார்க்கும்படி ஒரு தட்டின் மேல் ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தேன். காலையில் இன்னும் 70 மி.லி. வடிந்திருந்தது. ஹோஸைக் கழற்றி வடித்ததெல்லாம் மேலோட்டம் என்று அப்போதுதான் புரிந்தது. உள்ளே துடுப்புகளுக்கு நடுவில் ஒளிந்திருப்பது அவ்வளவு எளிதில் இறங்காது.

மண்ணெண்ணெய் அரை லிட்டர் ஊற்றி, இரண்டு வாயையும் துணி வைத்து அடைத்து, குலுக்கி, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கொட்டினேன். முதல் முறை கருப்பு. இரண்டாவது முறை கடும் பழுப்பு. நான்காவது முறை ஊற்றியது ஊற்றிய நிறத்திலேயே வந்தது. அதன்பின் அலுமினியத்துக்குக் கெடுதல் செய்யாத பிசுக்கு நீக்கி, பிறகு வெந்நீர் பல முறை. காஸ்டிக் சோடா கலந்த எதையும் கிட்டே சேர்க்கக் கூடாது, அது அலுமினியத்தையே தின்றுவிடும். பெட்ரோல் ஊற்றிக் கழுவும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஒரு பொறி போதும், நான் அந்தப் பக்கம் போகவில்லை. கொட்டியதை எல்லாம் ஒரு கேனில் சேர்த்துப் பழைய ஆயிலோடு கொடுத்துவிட்டேன்.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. உள்ளே மண்ணெண்ணெய் தங்கினால் முதல் ஸ்டார்ட்டில் அதையும் இன்ஜின் குடிக்கும். வெயிலில் இரண்டு நாள், திருப்பித் திருப்பி வைத்து. வாடை முழுவதும் போன பிறகுதான் மாட்டினேன். ஒன்று சொல்ல வேண்டும்: டர்போ உண்மையிலேயே உடைந்து உலோகத் தூள் சிதறியிருந்தால், இன்டர்கூலரைக் கழுவி நம்புவது வீண். துணுக்குகள் உள்ளே சிக்கிக்கொண்டு என்றாவது ஒருநாள் இன்ஜினுக்குள் போகும். அந்த நிலையில் இன்டர்கூலரையும் மாற்றுவதே புத்திசாலித்தனம்.

த்ராட்டில் பாடியில் தகட்டின் ஓரத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம். கிளீனரை நேராக அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைத்தேன். மின்மோட்டார் திருப்பும் தகடு இது; இக்னிஷன் போட்டிருக்கும்போது விரலால் தள்ளக் கூடாது, பல் சக்கரமும் போகும், விரலும் போகும். மேனிஃபோல்டின் அழுத்த சென்சார் முனையில் எண்ணெய் தோய்ந்து சேறு மாதிரி இருந்தது. மின் இணைப்புகளுக்கான கிளீனரைத் தெளித்து ஆறவிட்டேன், பஞ்சோ குச்சியோ உள்ளே விடவில்லை.

வால்வுகளைப் பார்த்தபோதுதான் மனசு உட்கார்ந்துவிட்டது. பழைய வகை இன்ஜின்களில் பெட்ரோல் இன்டேக் வழியிலேயே தெளிக்கப்படும். போகிற போக்கில் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே போகும். நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜினில் அந்தக் குளியல் கிடையாது. வந்து ஒட்டும் எண்ணெய் ஆவி சூட்டில் வெந்து கரியாகிறது, அடுக்கடுக்காக. என்னுடையதில் வால்வுத் தண்டைச் சுற்றி ஒரு கருப்புக் கிழங்கே விளைந்திருந்தது. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்வதுதான் இதற்கு நல்ல வழி; அந்தச் சாதனம் என்னிடம் இல்லை. கையால் செய்தேன். கிராங்கை இன்ஜின் சுழலும் திசையிலேயே கையால் திருப்பி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்டேக் வால்வு மூடிய நிலைக்குக் கொண்டுவந்தேன். உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று பார்க்க, கரைப்பானைக் கொஞ்சமாக ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தேன். மட்டம் இறங்கவில்லை என்றால் மூடியிருக்கிறது. மற்றத் துளைகளுக்குத் துணி அடைப்பு. ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, வளைந்த பிளாஸ்டிக் குச்சியால் சுரண்டி, வேக்குவம் வைத்து உறிஞ்சி, மறுபடி ஊறவைத்து... இரண்டு முழு நாட்கள். முதுகு வலியைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாவது சிலிண்டரில் ஒரு வால்வின் மறுபக்கத்துக்குக் குச்சி எட்டவே இல்லை; அங்கே கொஞ்சம் கரி இன்னும் இருக்கிறது.

ஹோஸ்களில் ஒன்று மட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. டர்போவிலிருந்து சூடான காற்றைக் கொண்டுவரும் ஹோஸ், உள்பக்கம் உப்பி, அழுத்தினால் பஞ்சு மாதிரி இருந்தது. எண்ணெயில் நெடுநாள் ஊறினால் சாதாரண ரப்பர் அப்படித்தான் ஆகும். அழகாக இருக்கிறதே என்று சாதாரண சிலிகான் ஹோஸ் வாங்கிவிடக் கூடாது. எண்ணெய் அதன் சுவருக்குள் ஊடுருவி மெல்ல வியர்க்கும். எண்ணெய் பட்டுத் தாங்க உள்ளே ஃபுளூரோ சிலிகான் பூச்சு இருக்க வேண்டும். மாட்டும்போது ஹோஸும் குழாய் முனையும் காய்ந்திருக்க வேண்டும். பிசுக்கோடு மாட்டினால் கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் பூஸ்டில் கழன்று பறக்கும்.

மாட்டிய பிறகு

எல்லாம் மாட்டி முடித்து, பாதையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, ஃபில்டர் பக்கத்து வாயை மூடி போட்டு அடைத்து, பிரீதரைத் துண்டித்து அதன் வாயையும் அடைத்து, டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் அரை பார் ஏற்றினேன். சோப்புத் தண்ணீர் தெளித்ததில் ஒரு கிளாம்பில் நுரை வந்தது. கழற்றி நேராக்கி மறுபடி போட்டேன். ஆயிலும் மாற்றினேன். இந்த முறை டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டு அதன் விவரத்தாளில் நோவாக் என்ற எண்ணைத் தேடினேன். 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிப் போகிறது என்பதுதான் அது. ஏபிஐ எஸ்என் என்ற ஆயில் தரத்தில் 15 சதவீதம் வரை அனுமதி, ஏசிஇஏ சி3 தரத்தில் 13 சதவீதம் வரை. தயாரிப்பாளர் சொன்ன தரத்துக்குள் இந்த எண் குறைவாக உள்ளதைப் போட்டால் பிரீதருக்குப் போகும் ஆவியும் குறையும்.

முதல் ஸ்டார்ட்டில் வெள்ளையும் நீலமுமாகப் புகை கிளம்பியது. வயிற்றைக் கலக்கியது. எக்ஸாஸ்ட்டில் ஏற்கெனவே படிந்த எண்ணெய் எரிந்து தீர வேண்டும் அல்லவா. 50 கி.மீ. ஓடியதும் குறைந்தது, 200 கி.மீ.க்குப் பிறகு காணவில்லை. சும்மா ஓடும்போது இருந்த லேசான நடுக்கமும் போய்விட்டது. அது வால்வுக் கரியாலா, பிசிவியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் சேர்த்தே செய்துவிட்டேன்.

கேட்ச் கேன், அதாவது பிரீதர் ஆவியிலுள்ள எண்ணெயைப் பிடித்து வைக்கும் டப்பா, போட்டிருக்கலாமே என்று பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். போட்டும் பார்த்தேன், டர்போவின் வாய்க்குப் போகும் பிரீதர் வழியில். முதலில் வாங்கியது உள்ளே எதுவும் இல்லாத வெறும் டப்பா. ஒரு வழியாக வந்த ஆவி மறுவழியாக அப்படியே போனது. அதைத் தாண்டிய ஹோஸ் முன்பு போலவே நனைந்தது. எஃகு வலையைத் திணித்த பிறகு கொஞ்சம் பிடித்தது. குளிர் நாட்களில் நீராவியும் சேர்ந்து வெளுத்த கூழாக நிற்கும், கவனிக்காமல் விட்டால் வழியை அடைத்து மறுபடியும் கிராங்க் கேஸில் அழுத்தத்தைத்தான் ஏற்றும். என் கருத்தில் அது மருந்தாகப் பயன்படுவதைவிட அளவுகோலாக நன்றாகப் பயன்படும். 1,000 கி.மீ.க்கு எவ்வளவு சேர்கிறது என்று குறித்து வைத்தால், உள்ளே ஏதாவது கெடத் தொடங்கும்போது அந்த எண் முதலில் ஏறும். சில இடங்களில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை, குழாயைத் திறந்து காற்றில் விடுவது இன்னும் மோசம்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதே விஷயம் வேறு முகம் காட்டும். அங்கே, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே விடும் இஜிஆர் வால்வு கொண்டுவரும் புகைக்கரியும் இந்த எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரி மேனிஃபோல்டை அடைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, தேங்கிய எண்ணெய் ஒரேயடியாக உறிஞ்சப்படுவது. டீசல் இன்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக வேகம் ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கையால் கியர் மாற்றும் வண்டியாக இருந்தால், பிரேக்கை முழுதாக மிதித்தபடி உயர்ந்த கியரில் போட்டு கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்தலாம். காற்று வழியைக் கையால் பொத்த முயலவே கூடாது. அதனால் டீசல்காரர்கள் இன்டர்கூலரில் எண்ணெய் கொட்டுகிற அளவு தேங்கியிருப்பதைப் பார்த்தால், காரணத்தைத் தேடுவதற்கு முன்பே வடித்துவிடுவது நல்லது.

புது பிசிவி போட்டு 5,000 கி.மீ. ஆன அன்று அதே ஹோஸை மறுபடி கழற்றினேன். தட்டு வைத்தேன், கையுறை போட்டேன், பழைய சட்டை. ஒரு துளிகூட விழவில்லை. விரலை உள்ளே விட்டுத் தேய்த்ததில் மெல்லிய பிசுக்கு. டிப்ஸ்டிக்கில் மட்டம் நடுக்கோட்டிலிருந்து ஒரு நூல் இறங்கியிருந்தது. அந்த இரண்டாவது சிலிண்டர் வால்வை மட்டும் அடுத்த முறை யாரிடமாவது வால்நட் சாதனம் கடன் வாங்கித்தான் பார்க்க வேண்டும்.